குடல் அழற்சி நோயும் மருந்துகளின் பக்க விளைவுகளும்

 

மருந்து விஷயத்தில் நம்மவர்களிடம் இரண்டு விதமான வழக்கங்களைக் காண்கிறோம். ஒரு சாரார், மாத்திரை தின்றதும் தலை சுற்றியது, முகம் ஊதியது என்றால், டாக்டரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அன்றோடு மருந்தை ஒதுக்கிவிடுவார்கள். மற்றொரு சாரார், எந்த மாத்திரை உடனே சுகம் கொடுத்ததோ அதன் பெயரைத் துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஊருக்குப் போய் வருகிறவர்களிடம் சொல்லி அனுப்பி, வருஷக்கணக்கில் தாமாகவே தின்றுகொண்டிருப்பார்கள். வேறு வியாதிகளில் இவ்வழக்கங்கள் எப்படியோ, குடல் அழற்சி நோயில் இரண்டுமே உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடியவை. எந்த மருந்துக்கு எந்தப் பக்க விளைவு, அது எப்பொழுது வரும், வந்தால் என்ன செய்வது என்பதை அறிந்திருப்பவர் பயந்தும் ஓடமாட்டார், அளவுக்கு மீறியும் தின்னமாட்டார். அதனை விளக்கவே இக்கட்டுரை.

நான் மருத்துவம் கற்றவனல்லன். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதிப் படித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்தவன். என் தம்பிக்கு இந்நோய் கண்ட நாள் முதல் அவருடன் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன். அங்கே கேட்டு அறிந்ததையும், பின்னர் தேடிப் படித்துச் சரிபார்த்துக்கொண்டதையும் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு எவரும் தம் மருந்தைத் தாமே மாற்றிக்கொள்ள வேண்டாம்.

நோய் எது?

குடல் அழற்சி நோய் என்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி இரத்தமும் சளியுமாகப் போவது. இதனை அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பார்கள். மற்றொன்று குரோன் நோய். இது வாய் முதல் ஆசனவாய் வரை எவ்விடத்திலும் வரலாம். குடலின் சுவரை ஆழமாகத் துளைத்துச் செல்லும். 1932-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து டாக்டர் குரோனும் அவருடைய தோழர்கள் இருவரும் இதனை விவரித்து எழுதியதால் அப்பெயர் வந்தது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தன் குடலின்மீது பாய்வதுதான் இரண்டிலும் நடப்பது.

நம்மில் அநேகர் இதனை மூலம் என்றோ, சீதபேதி என்றோ, 'அல்சர்' என்றோ எண்ணி நாட்டு மருந்தில் மாதங்களைக் கழித்துவிடுகிறார்கள். இரைப்பையில் வரும் அல்சர் வேறு, இது வேறு. இந்நோய் வெள்ளைக்காரர்களுக்குத்தான் வரும் என்று முன்னர் எண்ணியிருந்தார்கள். இப்பொழுது ஆசியாவில் இது பெருகி வருகிறது. ஈப்போவைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கில் நடத்திய ஆராய்ச்சியில், மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவகையினரிலும் இந்திய வம்சாவளியினரிடமே இது அதிகமாகக் காணப்பட்டது. ஆகவே இது நம் வீட்டு விஷயம்.

மருந்தே வேண்டாம் என்று இருந்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இரத்தம் போய்ப் போய்ச் சோகை பிடிக்கும். குரோன் நோயில் குடல் சுருங்கி அடைபடும், அல்லது ஓட்டை விழும். பெருங்குடல் பல ஆண்டுகள் புண்ணாகவே கிடந்தால் புற்றுநோய் வர இடமுண்டு. அதனால்தான் நோய் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆன பிறகு குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனையைக் காலந்தோறும் செய்யச் சொல்கிறார்கள். மருந்தின் தீங்கை எடைபோடுகிறவர், தராசின் மறு தட்டில் இவற்றையும் வைத்தே நிறுக்க வேண்டும்.

முதல் மருந்து

ஸ்வீடன் தேசத்து டாக்டர் நான்னா ஸ்வார்ட்ஸ் என்னும் பெண்மணி, 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மூட்டு வாத நோயாளிகளுக்காக சல்பாசலசின் என்ற மருந்தை உபயோகித்து வந்தார். அது குடல் புண்ணையும் ஆற்றுவதைக் கண்டு 1942-ல் எழுதினார். இம்மருந்து இரண்டு பொருள்கள் பிணைந்தது. ஒன்று கந்தகச் சேர்க்கையான சல்பா மருந்து, மற்றொன்று ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. இவற்றில் எது புண்ணை ஆற்றுகிறது என்பது பல ஆண்டுகள் தெரியாமல் இருந்தது. 1977-ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த வங்காள தேசத்து டாக்டர் ஆசாத் கான் என்பவரும் அவருடைய ஆசிரியர் டிரூலவ் முதலானவர்களும், இரண்டையும் தனித்தனியே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, புண்ணை ஆற்றுவது இரண்டாவது பொருளே என்று காட்டினார்கள். தலைவலி, குமட்டல், தோல் தடிப்பு ஆகிய தொல்லைகளில் பெரும்பகுதி சல்பாவினால் வந்தவை. ஆகவே சல்பாவை நீக்கி மெசலசின் என்னும் மருந்து உண்டாயிற்று. இன்று உலகெங்கும் வழங்கும் ஒரு மருந்தின் பின்னால் நம் சமுதாயத்துப் பிள்ளை ஒருவரின் உழைப்பு இருப்பதை நம் மதரஸாப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கலாம்.

சல்பாசலசின் இன்னும் வழக்கில் உள்ளது, விலையும் மலிவு. மூட்டு வலியும் சேர்ந்து உள்ளவர்களுக்கு அதையே டாக்டர்கள் விரும்பிக் கொடுப்பதுண்டு. அதைத் தின்பவருக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். இரத்தம் என்று அஞ்ச வேண்டாம். போலிக் சத்து உடலில் குறையும். அதற்குத் தனி மாத்திரை தருவார்கள். சல்பா ஒவ்வாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் ஒருங்கே வந்தால் வெள்ளையணு குறைந்திருக்கலாம். அன்றே இரத்தம் பார்க்க வேண்டும்.

இன்னொன்றைக் கூச்சமின்றி எழுதுகிறேன். சல்பாசலசின் தின்னும் ஆண்களுக்கு விந்தணு குறையும். கலியாணமாகி இரண்டு மூன்று வருஷமாகக் குழந்தை இல்லையென்று மனைவியைக் குறை கூறும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவ்வீட்டு மாப்பிள்ளை இம்மருந்தைத் தின்கிறாரா என்று முதலில் கேட்க வேண்டும். டாக்டர் மருந்தை மெசலசினாக மாற்றினால் இரண்டு மூன்று மாதங்களில் அக்குறை நீங்கிவிடும். இதைக் கேட்காமலேயே தலாக் வரை போவது எவ்வளவு பெரிய அநியாயம்!

மெசலசின் பெரும்பாலோருக்குத் தொல்லை தராது. சிலருக்கு மட்டும் வயிற்றுப்போக்கை அதுவே அதிகப்படுத்தும். மிக அரிதாகச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெளியே தெரியாமல் கெடுப்பதால், வருஷத்துக்கு ஒரு முறையாவது சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை அவசியம்.

ஸ்டீராய்ட் என்னும் பிரெட்னிசோலோன்

இனி, நம்மவர்கள் அதிகம் தவறாகக் கையாளும் மருந்துக்கு வருவோம். டாக்டர் டிரூலவ், டாக்டர் விட்ஸ் ஆகிய இருவரும் 1955-ல் 210 பெருங்குடல் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு கார்ட்டிசோனும் மற்றொரு பிரிவுக்கு மருந்தில்லா மாத்திரையும் கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார்கள். ஆறு வாரங்களில், மருந்து தின்றவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கு நோய் அடங்கியது. மற்றவர்களில் 16 பேருக்கே அடங்கியது. அதன் வழி வந்ததுதான் பிரெட்னிசோலோன். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர் நான்கு நாளில் எழுந்து கடைக்கு வருவார். பசி எடுக்கும், உற்சாகம் பிறக்கும். இந்தச் சுகம்தான் வம்பு!

ஏனெனில், எரியும் நெருப்பை அணைக்கத்தான் இதற்குச் சக்தி உண்டு. மறுபடியும் பற்றாமல் காக்கும் சக்தி இல்லை. 1965-லேயே இங்கிலாந்தில் நோய் அடங்கியவர்களுக்குக் குறைந்த அளவில் இதனைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. பலனில்லாத காலத்திலும் தீங்கு மட்டும் வளர்ந்துகொண்டே போகும். முகம் பூரண சந்திரனைப் போல் உருண்டுவிடும், பருக்கள் தோன்றும், தூக்கம் கெடும், காரணமில்லாமல் கோபமும் அழுகையும் வரும். இவை மருந்தைக் குறைத்ததும் மறைபவை. இரத்தத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறுவதுண்டு. எலும்பு உளுத்துப்போவது, கண்ணில் புரை விழுவது ஆகியவை அப்படி மறைபவையல்ல. முன்பே நீரிழிவு உள்ளவர் இம்மருந்தைத் தொடங்கினால் அன்றைக்கே சர்க்கரை அளக்கும் கருவியையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நம் சமூகத்தில் நீரிழிவு இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருப்பதால் இதனை அழுத்திச் சொல்கிறேன். எலும்புக்காகக் கால்சியமும் வைட்டமின் டி-யும் சேர்த்துக் கொடுப்பார்கள். மாத்திரையைக் காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு தின்பது முறை. மாலையில் தின்றால் இரவெல்லாம் கண் விழித்துக் கிடக்க நேரும்.

இத்தனை தீங்கு உண்டென்று கேட்டதும் அப்படியே நிறுத்திவிடலாமா? கூடவே கூடாது. சிறுநீரகத்தின்மேல் தொப்பி வைத்தாற்போல் இரண்டு சுரப்பிகள் உள்ளன. ஸ்டீராய்டை ஒத்த சத்தை நம் உடலுக்கு அன்றாடம் தயாரித்துக் கொடுப்பவை அவை. மூன்று வாரத்துக்கு மேல் வெளியிலிருந்து மாத்திரையாகவே அச்சத்து வந்துகொண்டிருந்தால், 'நம் வேலை தேவையில்லை' என்று அவை உறங்கிவிடும். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உடலுக்கு இரண்டு பக்கமும் வரவு இல்லை. மயக்கம், வாந்தி, இரத்த அழுத்தம் இறங்குதல், கவனிக்காவிட்டால் மரணம். ஆகையால் படிப்படியாகக் குறைக்கிறார்கள். 40 மில்லிகிராமில் தொடங்கி வாரத்துக்கு 5 மில்லிகிராம் வீதம் குறைத்து எட்டு வாரத்தில் முடிப்பது வழக்கமான ஒரு முறை. ஆளுக்கேற்ப டாக்டர் அதனை மாற்றுவார்.

நமக்குப் பழக்கமான ஒரு கடையில் இருந்த சிப்பந்தி ஒருவர், தங்கையின் கலியாணத்துக்கு ஊருக்குப் போனார். மாத்திரைப் பொட்டலம் இங்கேயே தங்கிவிட்டது. கலியாண அலைச்சலில் அதை அவர் பெரிதாக நினைக்கவில்லை. ஐந்தாம் நாள் பந்தலில் சுருண்டு விழுந்தார். பசி மயக்கம் என்று சர்பத் கொடுத்தார்களாம். நல்ல வேளையாக ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர், "என்ன மாத்திரை தின்று வந்தீர்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியும், அதற்குப் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிந்த பதிலும் அவரைக் காப்பாற்றின.

வியாபாரிகளாகிய நமக்கு இங்கே மற்றொரு பொறுப்பும் இருக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிரெட்னிசோலோனை டாக்டர் சீட்டில்லாமல் விற்பது சட்டப்படி குற்றம். ஆனால் மூட்டு வலிக்கு, இடுப்பு வலிக்கு, பசியின்மைக்கு என்று வரும் 'மூலிகை' மாத்திரைகளிலும் ஜாமு பொட்டலங்களிலும் டெக்ஸாமெதசோன் முதலிய ஸ்டீராய்டுகளைக் கள்ளத்தனமாகக் கலந்திருந்ததைச் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் பல தடவைகள் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஒரு மூலிகை மாத்திரை இரண்டே நாளில் எல்லா வலியையும் போக்குகிறது, பசியையும் கூட்டுகிறது என்றால், விற்பவர் மகிழ்வதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். குடல் நோயாளி அதனை வாங்கித் தின்றால், டாக்டர் ஒரு பக்கம் குறைத்துக்கொண்டு வர, நாம் மறுபக்கம் ஏற்றிக்கொண்டிருப்போம். பதிவு எண் இல்லாத மாத்திரையைக் கடைத் தட்டில் வைப்பது ஹலாலான வியாபாரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள்

ஸ்டீராய்டிலிருந்து விடுபடவே அசதயோபிரின் என்ற மாத்திரையைத் தருகிறார்கள். இது மெதுவாக வேலை செய்வது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். 'ஒரு மாதம் தின்றேன், ஒன்றும் தெரியவில்லை' என்று நிறுத்துபவர்கள் பொறுமை காட்ட வேண்டும். தொடங்கிய முதல் சில வாரங்களில் மேல் வயிற்றில் கடுமையான வலி எடுத்து முதுகுக்குப் பரவினால் கணையம் அழன்றிருக்கலாம். மாத்திரையை நிறுத்தி அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கல்லீரலும் பாதிக்கப்படலாம்.

பெரிய அபாயம் வெள்ளையணு குறைவது. ஐரோப்பியர்களுக்கு ஒரு வகைப் பரம்பரைக் குறையால் இது நேர்வதை முன்பே அறிந்திருந்தார்கள். அக்குறை ஆசியர்களிடம் அரிதாயிருந்தும் நமக்கு வெள்ளையணு அதிகமாகக் குறைந்தது ஏன் என்று விளங்காமல் இருந்தது. 2014-ல் கொரிய நாட்டு ஆராய்ச்சியாளர்கள் நுட் 15 என்னும் வேறொரு மரபணுவில் உள்ள மாற்றமே காரணம் என்று கண்டார்கள். சீனர், கொரியர் மட்டுமன்றி இந்திய வம்சாவளியினரிலும் அம்மாற்றம் உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதனைப் பெற்றவர்களுக்குச் சாதாரண அளவே விஷமாகும். தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்வது அதன் முதல் அடையாளம். மருந்து தொடங்குமுன் ஓர் இரத்தப் பரிசோதனையில் இதனை அறியலாம். 'எனக்கு அந்தப் பரிசோதனை உண்டா?' என்று டாக்டரைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. பரிசோதனை சரியாக இருந்தாலும், முதல் சில வாரங்களில் அடிக்கடியும் பின்னர் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் இரத்தம் பார்த்தே ஆக வேண்டும்.

விரல் மூட்டு வீங்கும் கௌட் நோய் நம் வியாபாரிகளிடம் சாதாரணம். ஆட்டிறைச்சியும் ஈரலும் நமக்குப் பிரியமானவை அல்லவா! அதற்குத் தரும் அலோபியூரினால் என்ற மாத்திரை, உடலிலிருந்து அசதயோபிரின் கழியும் வழியை அடைத்துவிடும். வழக்கமான அளவில் இரண்டையும் சேர்த்துத் தின்றால் எலும்பு மஜ்ஜை இரத்தம் உண்டாக்குவதையே நிறுத்திவிடக்கூடும். ஒரு டாக்டர் குடலுக்கும் வேறொரு டாக்டர் கௌட்டுக்கும் மருந்து எழுதும்போது, இருவருக்கும் இடையில் செய்தி கொண்டு செல்பவர் நோயாளி ஒருவரே.

மெதோட்ரெக்ஸேட் என்பது வாரத்தில் ஒரே நாள் மட்டும் எடுக்கும் மருந்து. தினமும் தின்று உயிரிழந்தவர்கள் உலகில் உண்டு. பையின்மேல் 'வெள்ளிக்கிழமை மட்டும்' என்பது போல் கிழமையை எழுதி ஒட்டிவிடுங்கள். கருவுற்ற பெண்கள், கருவுற நினைப்பவர்கள் இதனைத் தொடவே கூடாது, சிசு ஊனமாகும். அசதயோபிரினும் மெசலசினும் அப்படியல்ல. கர்ப்ப காலத்திலும் பெரும்பாலும் அவற்றைத் தொடரவே சொல்கிறார்கள். மாமியார் சொன்னார் என்று நிறுத்த வேண்டாம்.

மாத்திரைகளுக்கு அடங்காத நோய்க்கு இன்பிளிக்சிமாப், அடலிமுமாப் போன்ற ஊசி மருந்துகள் உள்ளன. இன்பிளிக்சிமாப் 1998-ல் அமெரிக்காவில் குரோன் நோய்க்கு அனுமதி பெற்றது. மூன்று ஆண்டுகளில், அதனை ஏற்றிக்கொண்டவர்களுள் 70 பேருக்குக் காசநோய் வந்த செய்தி வெளியாயிற்று. இளமையில் நம் நெஞ்சுக்குள் புகுந்து, உடலின் காவலால் சிறைப்பட்டு உறங்கும் காசக் கிருமிகள், இம்மருந்து காவலைத் தளர்த்தியதும் விழித்துக்கொள்கின்றன. இந்தியாவிலும் மலேசியாவிலும் காசநோய் பரவலாக உண்டு. ஆகவே வீட்டில் யாருக்கேனும் காசம் இருந்திருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். கலியாணச் சம்பந்தம் கெடும் என்று மூடி வைப்பது இவ்விடத்தில் கொலைக்குச் சமம். எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் செய்து, உறங்கும் கிருமி இருந்தால் முதலில் அதற்கு மருந்து கொடுத்துச் சில வாரங்கள் சென்ற பின்னரே ஊசி தொடங்குவார்கள். ஹெப்படைடிஸ் பி என்னும் மஞ்சள் காமாலைக் கிருமியையும் அவ்வாறே பார்ப்பார்கள்.

நோன்பும் பயணமும்

ரமலானில் என்ன செய்வது என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. நோயாளி நோன்பை வேறு நாட்களில் நிறைவேற்றிக்கொள்ள ஸூரத்துல் பகராவில் அனுமதி உண்டு என்பதை ஓதிய பிள்ளையும் அறியும். நோய் கொதித்துக்கொண்டிருக்கும்போதும், ஸ்டீராய்டை அதிக அளவில் தின்னும்போதும் அந்த அனுமதியை உபயோகிப்பதில் வெட்கமில்லை. நோய் அடங்கியிருப்பவர் ஷஃபான் மாதத்திலேயே டாக்டரிடம் போய், மாத்திரைகளை ஸஹருக்கும் நோன்பு திறந்த பிறகும் மாற்றலாமா என்று கேட்டுக்கொள்ளட்டும். பின்வழியாக வைக்கும் மருந்து நோன்பை முறிக்கும் என்பது ஷாபிஈ, ஹனபீ ஆகிய இரு மத்ஹபுகளின் தீர்ப்பு. பெரும்பாலும் அது படுக்கப் போகும்போது வைக்கும் மருந்தாகையால் சிக்கல் இல்லை. கூட்டு மாத்திரையின் உறையில் உள்ள ஜெலட்டின் எதிலிருந்து செய்தது என்ற ஐயம் இருந்தால், மருந்தாளரைக் கேட்டால் உறையில்லாத வேறு மாத்திரை உண்டா என்று பார்த்துச் சொல்வார். கேட்காமல் நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

மூட்டு வலிக்கும் பல் வலிக்கும் கடையில் கிடைக்கும் இபுபுரூபன், டைக்லோபினாக் போன்ற வலி மாத்திரைகள் அடங்கிய குடல் நோயைக் கிளப்பிவிடக்கூடும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் போதும்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்குக் கட்டாயமாகப் போடும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியில் உயிருள்ள கிருமி இல்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தின்பவரும் போட்டுக்கொள்ளலாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போன்று உயிருள்ள கிருமியால் செய்தவை அவர்களுக்கு ஆகாது. ஊசி போடுமிடத்தில் மாத்திரைகளின் பெயரை முதலில் சொல்லிவிட வேண்டும். பயணத்தில் மருந்தைச் சாமான் பெட்டியில் போடாமல் கையோடு எடுத்துச் செல்லும் பையில், தங்கும் நாட்களுக்கு மேல் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, ஒவ்வாத மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துவிடலாம். ஊரில் உள்ள டாக்டருக்குத் தமிழில் எழுதினாலும் விளங்கும். மக்காவில் அரபியிலோ ஆங்கிலத்திலோ வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் நம் சங்கத்துக்கு மருந்து உறைகளைக் கொண்டு வந்தால் படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள்.

வஸ்ஸலாம்.